இரண்டாவது சிரட்டை

நாயின் காதருகில் ஹாரன் அடித்தால் நாய் என்ன செய்யும் என்பது நாற்பது வயது ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளத்தூரில் பஸ் நிற்கிற இடத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த சேக் தாவூதுக்குத் தெரியவில்லை. அவன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும்: அங்கே நாய் இருந்ததே அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், மதுரையிலிருந்து அன்று காலைதான் ஒரு பித்தளை ஹாரன் வந்திருக்கிறது. அடுத்த கடையில் தையல்காரன் பூமிநாதன் உலகத்தை மறந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காக்கி டவுசர் தைத்துக்கொண்டிருக்கிறான். இரண்டையும் ஒன்று சேர்த்தால் சிரிப்பு வரும். அதற்கு மேல் அவன் மூளை என்றைக்கும் போனதில்லை.

அறுபத்தொன்பதாம் வருஷம், வைகாசி பிறந்த வாரம். தாவூது செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மிஷினுக்குப் பின்னால் போய்க் குந்தினான். ஹாரனின் ரப்பர் உருண்டையை இரண்டு கையாலும் அமுக்கினான். எருமைக்குத் தொண்டை கட்டினது போல ஒரு சத்தம். பூமிநாதன் துள்ளிய துள்ளலில் அவன் கால், மிஷினுக்கு அடியில் வெட்டுத்துணிகளின் மேல் படுத்திருந்த செவலை நாயின் வயிற்றில் பட்டது. நாய் அவன் வலது கெண்டைக்காலைக் கவ்வியது, விட்டது, எழுந்து கிழக்கே ஓடியது. திரும்பிக்கூடப் பார்க்காத ஓட்டம்.

பூமிநாதன் காலைப் பிடித்துக்கொண்டே ஹாரனைப் பார்த்தான்.

"புதுசா மச்சான்? நல்லாத்தான் கத்துது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பதினைந்து வருஷமாக அடுத்தடுத்த கடை. ஒருவன் விழுந்தால் இரண்டு பேரும் சிரித்துவிட்டு அப்புறம்தான் தூக்குவது அவர்கள் வழக்கம். எதிர்த்த டீக்கடைப் பெரியகருப்பன்தான் சிரிக்கவில்லை.

"வாயில நுரை பாத்தேன்யா. அது நல்ல நாயாத் தெரியலை" என்றான்.

சிரிப்பு அத்தோடு நின்றது.

அன்றைக்கே பஸ் ஏறிக் காரைக்குடிக்குப் போனார்கள். தெரிந்த டாக்டர் ஊரில் இல்லை. அவருடைய கம்பவுண்டர் சத்தியமூர்த்தி காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, விவரத்தைப் பிசிறில்லாமல் சொன்னான்.

"தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி, நாளைக்கு ஒண்ணு. நாளைக்கே மதுரைக்குப் போயி ஆரம்பிச்சிருங்க. இன்னொரு பக்கம் அந்த நாயைத் தேடிப் பிடிச்சுக் கட்டிப்போட்டுப் பாருங்க. பத்து நாள் அது நல்லாயிருந்தா வெறி இல்லைன்னு அர்த்தம், ஊசியை நிப்பாட்டிக்கலாம். செத்துப்போச்சுன்னா ஒண்ணு விடாமப் போட்டுக்கணும். பாய், நீங்க கூடப் போங்க. இவரு பயப்படுறாரு."

பயத்தைப் போக்கத் தாவூதுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பள்ளத்தூரில் இறங்கியதும் கடையிலிருந்து சைக்கிள் பம்பை எடுத்து வந்தான். பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் பார்க்க, சட்டையைத் தூக்கித் தன் தொப்புளில் பம்பை வைத்து, டாக்டர் குரலில் "மூச்ச இழுத்துப் பிடி" என்று சொல்லி, ஒரு அமுக்கு அமுக்கி, வயிறு டியூப் மாதிரி ஊதிக்கொண்டு வருவதாக நடித்தான். பதினாலாவது ஊசியில் வயிறு வெடித்துத் தரையில் விழுந்தான். பூமிநாதனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் காலை மதுரை பஸ் வந்தது, நின்றது, போனது. பூமிநாதன் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

"வேணாம் மச்சான். கண்ணை மூடுனா அந்தப் பம்புதான் தெரியுது" என்றான்.

தாவூது கெஞ்சினான். நான் செய்தது கூத்து, நிஜத்தில் எறும்பு கடித்தது போலத்தான் இருக்கும் என்றான். ஊரைச் சிரிக்க வைக்கிறவன் திடீரென்று நிஜம் பேசினால் அதுவும் வேடிக்கையாகத்தான் கேட்கும் போலிருக்கிறது. பூமிநாதன் அதற்கும் சிரித்தான், ஆனால் எழுந்திருக்கவில்லை. தாவூது சைக்கிளை எடுத்துக்கொண்டு கிழக்கே நாயைத் தேடிப் போனான். இடது காது கிழிந்த செவலை நாய். மூன்று நாள் தேடினான். நாய் மண்ணுக்குள் புகுந்துகொண்டதோ என்னவோ, கிடைக்கவில்லை.

நான்காம் நாள் பெரியகருப்பன் கல்லல் வயிரவன் பெயரைச் சொன்னான்.

வயிரவன் கடலை போட்டிருந்த சம்சாரி. வைத்தியர் என்று பலகை ஒன்றும் கிடையாது. ஆனால் நாய்க்கடிக்கு மருந்து கொடுக்கிற குடும்பம் என்று சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். சாமி பெயரை வைத்துக்கொண்டு, அந்தச் சாமி ஏறி வருகிற வாகனமே நாய் என்பதால், நாய் விஷம் அந்தக் குடும்பத்துக்குக் கட்டுப்படும் என்பது சனங்களின் நம்பிக்கை. மருந்துக்கு அவன் எதுவும் வாங்குவதில்லை. புதுச் சட்டி ஒன்று கொண்டுவரச் சொல்வான், அவ்வளவுதான். வாங்காதவன் மேல் சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்?

தாவூது புதுச் சட்டியோடு போனபோது வயிரவன் தோட்டத்து வேலியோரம் ஊமத்தை வெள்ளை வெள்ளையாகப் பூத்து நின்றது. சுற்றியிருந்த எல்லாச் செடியிலும் ஆடு வாய் வைத்திருந்தது. ஊமத்தையை மட்டும் தொடவில்லை. தாவூது அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, கல்லல் ஆடுகளுக்கு நாக்கு நீளம் போல என்று ஒரு வேடிக்கை வேறு பேசினான். அந்த ஆடுகளுக்கு இருந்த புத்தியைப் பற்றிப் பின்னால் அவன் நினைத்துப் பார்த்த நாட்கள் அநேகம்.

"ஊமத்தை இருக்கு, இன்னும் சிலது இருக்கு. பேரு சொல்லக்கூடாது" என்றான் வயிரவன். "ஞாயித்துக்கெழம, வெறும் வயித்துல ஒரு தேங்காச் சிரட்டை. வெளிச்சம் வராத அறையில போட்டுச் சாத்திருங்க. தண்ணி கண்ணுலயே படக்கூடாது. காவலுக்கு வேத்தாளு இருக்கணும். சொந்தம்னா மனசு எளகித் தண்ணியக் குடுத்துருவாக. ஒடம்புக்குள்ள இருக்க வெறி வெளிய வரணும், ராவுத்தரே. பேசுவாரு, பாடுவாரு, எந்திரிச்சு ஆடுவாரு. ஆடி முடிச்சு அசரும்போது தலையில ஏழு கொடம் தண்ணி ஊத்துங்க. அதோட சரி. உச்சிப்பொழுது வரைக்கும் வெறி எறங்கலைன்னா, சட்டியில மிச்சமிருக்கதையும் குடுத்துருங்க."

"உள்ள இருக்க வெறிய மருந்து வெளிய எடுக்குதா, இல்ல மருந்தே வெறி குடுக்குதா?" என்று தாவூது கேட்டான். வேடிக்கையாகத்தான் கேட்டான். அவன் வாழ்நாளில் கேட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வி, அதையும் பல்லை இளித்துக்கொண்டு கேட்டுத் தொலைத்தான்.

"கேள்வி கேட்டா மருந்து பலிக்காது" என்று வயிரவன் சட்டியின் வாயைத் துணியால் கட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூமிநாதன் வீட்டுச் சாமான் அறையைக் காலி செய்து பாய் போட்டார்கள். முதல் சிரட்டையை அவன் மனைவி அழகிதான் தன் கையால் கொடுத்தாள். சாணி கரைத்த நிறம், மூக்கைப் பிடிக்கிற பச்சை நாற்றம். பூமிநாதன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "உன் ரசத்தை விடப் பரவால்ல" என்றான். அழகி அவன் முதுகில் ஒரு அடி வைத்துவிட்டு வெளியே போனாள். வேற்றாளாகத் தாவூது உள்ளே உட்கார்ந்தான். தன்னைக் காவலுக்குத் தேர்ந்தெடுத்ததில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. யாரும் அவனை நம்பி ஒரு காரியத்தை விட்டதில்லை. இன்றைக்கு மனசு இளகாமல் உட்கார்ந்து மாப்பிள்ளை பூமிநாதனைக் கரையேற்றுவது என்று பிஸ்மி சொல்லித் தொடங்கினான்.

வெறி வரவில்லை. ஒரு மணி நேரம் போனது. இரண்டு போனது. பூமிநாதன் சாவகாசமாகப் படுத்துக்கொண்டு தைக்க வேண்டிய டவுசர்களைப் பற்றிப் பேசினான். நடுவில், "நாக்கு மரப்பலகையாட்டம் இருக்கு மச்சான். எச்சி முழுங்க முடியலை" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "உன் மூக்கு எங்குட்டுப் போச்சு? கிட்ட வந்தா மொகமே கலங்குது, தள்ளிப் போனாத் தெரியிற" என்றான்.

"அழகான மொகம்னா அப்பிடித்தான். தூரத்துல இருந்துதான் பாக்கணும்."

அழகி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். வெளிச்சம் பட்டதும் பூமிநாதன் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டான். அவள் உள்ளே வந்து அவன் கையை விலக்கிப் பார்த்தாள்.

"அண்ணே, கண்ணைப் பாத்தீகளா? முழி பூராக் கறுப்பா இருக்கு. மொகம் அடுப்புக்கிட்ட நின்ன மாதிரிச் செவந்திருக்கு. நெத்தி கொதிக்குது."

"மருந்து உள்ள போயிருக்கு தாயி. அதான்."

"அப்ப இது போதும்ல?"

தாவூது வெளியே வந்து முருங்கை மரத்து நிழலைப் பார்த்தான். நிழல் மரத்தின் காலடியில் சுருண்டு கிடந்தது. உச்சி. பேசணும், பாடணும், ஆடணும் என்றானே வயிரவன். இவன் டவுசர் கணக்கை ஒழுங்காகத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான்? மருந்து பிடிக்கவில்லை என்று தாவூதுக்குப் பயம் வந்துவிட்டது. நாற்பதாவது நாள் மாப்பிள்ளை தண்ணீரைக் கண்டு அலறிச் சாகிற காட்சி கண்ணில் வந்தது. கடைசியில் எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஹாரன்.

"மிச்சத்தையும் குடுத்துருவோம் தாயி."

"வேணாம்ண்ணே. எனக்குச் சரியாப் படலை. கல்லலுக்கு ஆளனுப்பிக் கேப்போம்."

"அவரு சொன்னதுதானே இது? நான் இருக்கேன்ல."

இரண்டாவது சிரட்டையை அவன் தன் கையால் பிடித்துக் கொடுத்தான். பூமிநாதனுக்கு விழுங்க முடியவில்லை. தாவூது அவன் தொண்டையைத் தடவித் தடவி இறக்கினான். கைக்குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுவது போல, அவ்வளவு பொறுமையாக.

முதல் சிரட்டை வயிற்றில் மெதுவாகத் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது என்பதும், காத்திருந்திருந்தால் அதுவே வேண்டிய மட்டும் ஆட்டம் காட்டியிருக்கும் என்பதும் அவனுக்கு அப்போது தெரியாது. அரை மணியில் இரண்டும் சேர்ந்து ஏறிவிட்டன.

முதலில் பூமிநாதன் எழுந்து உட்கார்ந்தான். காற்றில் ஏதோ ஒன்றை இரண்டு விரலால் எடுத்து, நாக்கில் வைத்து நனைத்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கோத்தான். ஊசி இல்லை, நூல் இல்லை. அப்புறம் தைக்க ஆரம்பித்தான். கால் இரண்டும் இல்லாத மிதியை மிதித்தன. தைத்து, பல்லால் நூலைக் கடித்து, உதறிப் பார்த்து, மடித்து வைத்தான். மடித்து வைத்ததை எண்ணினான்.

"எறங்குது! எறங்குது!" என்று தாவூது கத்தினான். வெளியே கூடியிருந்த சனம் சாத்தியிருந்த ஜன்னலைத் தள்ளித் திறந்து மொய்த்தது. பெரியகருப்பன் கையைத் தட்டினான்.

பூமிநாதன் தாவூதைப் பார்த்து, "கையத் தூக்குங்க" என்றான். மரியாதையாக, வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலில். தாவூதும் தூக்கினான். இல்லாத டேப்பால் தோளை அளந்து, "பதினேழரை" என்றான் பூமிநாதன். செத்துப் பத்து வருஷமான தன் அப்பனிடம் அதை எழுதிக்கொள்ளச் சொன்னான்.

"யாருக்கு மாப்ளே தைக்கிற?"

"நாய்க்கு. நாலு கை வைக்கணும்ல, துணி பத்தாது."

ஜன்னலே சிரித்தது. தாவூது எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தான். வாழ்நாளில் தான் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்று ஒரு பொறாமைகூட வந்தது. அந்தச் சிரிப்பைத்தான் பிற்பாடு அவனால் எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

பிற்பகலில் சிரிக்க ஒன்றும் இல்லை. சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று பூமிநாதன் நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டினான். விரல் நுனி கிழிந்து ரத்தம் வந்தது, அவனுக்குத் தெரியவில்லை. உடம்பு இஸ்திரிப் பெட்டி மாதிரிக் கொதித்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. வைகாசி வெயிலில், சாத்திய அறையில், வேர்க்காத உடம்பு. "தண்ணி, தண்ணி" என்று கேட்டான். அப்புறம் கேட்கத் தெரியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினான். வேற்றாள் மனசு இளகக்கூடாது. தாவூது இளகவில்லை. பிற்பகல் பூராவும் அழுதுகொண்டே இளகாமல் இருந்தான். எழுந்து ஓடப் பார்த்தவனை வேட்டியால் கட்டிப்போட்டதும் அவன்தான். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்த கதவை வெளியிலிருந்து அழகி தட்டிக்கொண்டே இருந்தாள்.

வெயில் தாழ்ந்தபோது பூமிநாதனுக்கு வலிப்பு வந்தது. அப்போதுதான் தாவூது கதவைத் திறந்து, விதியை மீறி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். ஏழு குடம் என்று கணக்குச் சொன்னானே வயிரவன்; எத்தனை ஊற்றினான் என்று தாவூது எண்ணவில்லை.

ராத்திரியே காரைக்குடிக்குத் தூக்கிப் போனார்கள்; இந்தத் தடவை ஊரில் இருந்த டாக்டர் கண்ணிமையைப் பிரித்துப் பார்த்தார். "என்ன குடுத்தீங்க?" என்றார். தாவூது சொன்னான். டாக்டர் அதற்கப்புறம் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "பொழைச்சிருவானா டாக்டர்?" என்றதற்கு, "பாப்போம்" என்றார்.

பிழைத்தான். ஒரு வாரத்தில் கண்ணின் கறுப்பு சுருங்கிப் பழையபடி ஆனது. ஆள் மட்டும் அந்தக் கண்ணுக்குத் திரும்பி வரவில்லை. ஊட்டினால் சாப்பிட்டான். உட்கார வைத்தால் உட்கார்ந்தான். விரல்கள் மட்டும் ஓயாமல் காற்றில் ஊசி கோத்தன. அழகியைச் சில நேரம் "ஆத்தா" என்று கூப்பிட்டான். தாவூதை எப்படியும் கூப்பிடவில்லை. தாவூது அவன் முன்னால் ஹாரன் கதையைச் சொல்லிப் பார்த்தான், பம்பை எடுத்து வயிற்றில் வைத்து விழுந்து காட்டினான். பூமிநாதன் அவனைத் தாண்டிச் சுவரைப் பார்த்தான். அதைவிட மோசமான கூட்டத்துக்கு முன்னால் எந்தக் கோமாளியும் ஆடியிருக்க மாட்டான்.

"சரியாயிருமா?" என்று சத்தியமூர்த்தியிடம் கேட்டான் தாவூது.

"சூடு மண்டைக்குப் போயிருச்சு பாய். நாளாகும்."

"எத்தனை நாளு?"

"நாளாகும்" என்று கம்பவுண்டர் பாட்டில்களைத் துடைத்தான். அப்புறம், "அது கெடக்கு. அந்த நாய் என்னாச்சு?" என்றான்.

அந்தக் கேள்விதான் தாவூதுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. ஊர் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது: வெறிநாய் கடித்தவன் உசுரோடாவது இருக்கிறான், அது வயிரவன் மருந்தின் மகிமை. தாவூது அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்கினான். நாய்க்கு வெறி இருந்திருந்தால் மருந்து ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. புத்தி போனது அதற்குக் கொடுத்த விலை. நாய்க்கு வெறி இல்லையென்றால்? அதற்கு மேல் நினைக்க மாட்டான்.

பெரியகருப்பனிடம் போய், "நீ நுரையப் பாத்தது நெசந்தானே?" என்றான்.

"நுரையா? அது ஓடுன வேகத்துல நான் பாத்தது வாலைத்தான்யா. எதோ வெள்ளையாத் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு." கொஞ்ச நேரம் டீயை ஆற்றிவிட்டு, "எல்லாம் அவன் தலையெழுத்து. நீ என்ன செய்வ?" என்றான்.

தாவூது பள்ளிவாசலில் கேட்டான். அல்லாஹ் நாடினது என்று சொன்னார்கள். வீட்டில் ராபியாவிடம் கேட்டான்.

"ஊரையே சிரிக்க வச்சீகள்ல. இப்ப பதில் வேணுமாக்கும்? சோறு ஆறுது, தின்னுங்க" என்றாள் அவள். குழம்பிலிருந்து மீனை எடுத்து முள் நீக்கி அவன் தட்டில் வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனுக்கு முள் எடுத்துக் கொடுத்ததே இல்லை. அதைப் பார்த்ததும் அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான்.

தினமும் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மறுபடியும் நாயைத் தேட ஆரம்பித்தான். கடித்த வாரத்தில் அது உயிரோடு கிடைக்க வேண்டும் என்று தேடினான். இப்போது அது செத்திருக்க வேண்டும் என்று தேடினான். "கிழக்க எங்கயாவது செவலை நாய் செத்துக் கெடந்துச்சா?" என்று விசாரிக்கிற மனுஷனைப் பார்த்து ஊர் ஊராகச் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகையில், எல்லோரும் மழைக்கும் பிள்ளைகளின் சுகத்துக்கும் துஆ கேட்கும்போது, தாவூது ஒரு தெருநாயின் மவுத்துக்குக் கையேந்தினான். மேலே கேட்டுக்கொண்டிருப்பவனுக்கும் அது புதுசாகத்தான் இருந்திருக்கும்.

ஆவணியில் ஒரு நாள் வலையபட்டிப் பக்கம் போனபோது, பூட்டிக்கிடந்த ஒரு பெரிய வீட்டின் பின்சுவர் நிழலில் நாலைந்து நாய்கள் படுத்திருந்தன. அதில் ஒன்று செவலை. இடது காது கிழிந்திருந்தது. அதன் மேல் மூன்று குட்டிகள் ஏறி விழுந்து விளையாடிக்கொண்டிருந்தன. இரண்டு மாதக் குட்டிகள் இருக்கும், கொழுகொழுவென்று இருந்தன.

செவலையில் ஆயிரம் நாய் இருக்கலாம், காது கிழிந்ததில் நூறு இருக்கலாம் என்று தாவூது தனக்குத்தானே வக்கீல் வைத்தான். சைக்கிளை ஸ்டாண்ட் போட்டான். அந்தப் பித்தளை ஹாரன் இப்போது இந்தச் சைக்கிளில்தான் மாட்டியிருந்தது. லேசாக, ஒரே ஒரு அமுக்கு.

மற்ற நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தன. செவலை மட்டும் விருட்டென்று எழுந்து குட்டிகளை மறைத்து நின்றது. காதைப் பின்னால் மடித்துப் பல்லைக் காட்டியது. நல்ல வெள்ளைப் பல். நுரை ஒன்றும் இல்லை.

அன்று பூமிநாதனின் கால் பட்டது அந்த வயிற்றில்தான். வயிற்றில் இவை மூன்றும் இருந்திருக்கின்றன. எந்தத் தாய்தான் கடிக்க மாட்டாள்?

தாவூது அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கல்லலுக்கு மிதித்தான். வயிரவன் கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தான். தாவூது வரப்பில் நின்றபடியே சொன்னான்: நாய் உசுரோட இருக்கு. மூணு மாசமாச்சு. குட்டி போட்டிருக்கு.

வயிரவன் களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு முகம் மலர்ந்தது.

"பாத்தீகளா ராவுத்தரே? அந்த மருந்தோட சக்திய என்னன்னு சொல்றது! கடிபட்டவருக்குக் குடுத்தா, கடிச்ச நாய்க்கும் சேத்துல்ல வெறி எறங்கியிருக்கு!"

தாவூது காதில் கேட்டதிலேயே இதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. பஸ் நிற்கிற இடத்தில் சொன்னால் ஒரு வருஷத்துக்கு ஓடும். அவன் வாயைத் திறந்தான், சிரிப்பு வரவில்லை. வயிரவன் முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. அவன் நிஜமாகவே சந்தோஷப்பட்டான். வேலியோரம் ஊமத்தை காய்த்திருந்தது, உருண்டை உருண்டையாக, முள்ளோடு. நாளைக்கு யாருக்காவது கடி பட்டால் அவன் பறிப்பான்.

"இனிமே யாருக்கும் குடுக்காதீக" என்றான் தாவூது.

"தேடி வர்றவுகளை எப்பிடித் திருப்பி அனுப்புறது?" என்றான் வயிரவன், வருத்தத்தோடு.

மறுநாள் காலை தையல் கடைக்குப் போனான். இப்போது மிஷினில் அழகி உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட் மட்டும் தைப்பாள்; டவுசர் வராது. பக்கத்து முக்காலியில் பூமிநாதன். அவன் கையில் அவள் ஒரு வெட்டுத்துணியைக் கொடுத்து வைத்திருந்தாள். சும்மா காற்றைத் தைப்பதைப் பார்த்து வாடிக்கைக்காரர்கள் பயந்துபோகிறார்கள் என்பதற்காக. அவன் அதை மடித்தான், பிரித்தான், மடித்தான்.

"வாங்கண்ணே" என்றாள். இந்த மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட அவள் வாங்க என்று சொல்லாமல் இருந்ததில்லை. திட்டினதில்லை, ஒரு சொல் ஏசினதில்லை. அது வேறு அவனைத் தூங்க விடாமல் பண்ணியது.

"நாயப் பாத்தேன் தாயி."

மிஷின் நின்றது.

"வலையபட்டியில இருக்கு. மூணு குட்டி. அன்னைக்கு அது சென நாயி. அதான் கடிச்சிருக்கு."

"நல்லாயிருக்கா?"

"நல்லாயிருக்கு."

அழகி பூமிநாதனைப் பார்த்தாள். அவன் துணியை மடித்து அவள் மடியில் வைத்தான். அவள் அதைப் பிரித்து மறுபடி அவன் கையில் கொடுத்தாள்.

ஏதாவது சொல்லி இந்த நிமிஷத்தைத் தள்ளிவிட வேண்டும் என்று பழைய பழக்கத்தில் தாவூதின் நாக்கு துழாவியது. கல்லல்காரன் சொன்ன வேடிக்கை நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கினான்.

"தாயி, ஒண்ணு கேக்குறேன். டாக்டர்ட்ட கேட்டேன், பாப்போம்னாரு. கருப்பன் தலையெழுத்துங்கிறான். பள்ளிவாசல்ல ஆண்டவன் மேல போடுறாக. ஏம் பொண்டாட்டி முள்ளெடுத்து வைக்கிறா. யாரும் சொல்ல மாட்டேங்கிறாக. நீ சொல்லு. மாப்ள இப்பிடி ஆனது என்னாலதானா?"

அழகி ஊசியிலிருந்த நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். துணியை மிஷினிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள்.

"ஹாரன் அடிச்சதுக்கு நான் ஒங்களைச் சொல்ல மாட்டேன். அவுகளே சிரிச்சாக. ஊசிக்குப் போகாம இருந்தது அவுக, ஒங்க கூத்தைப் பாத்துப் பயந்தாகன்னாலும். மொதச் சிரட்டை நான் குடுத்தேன், ஏங்கையால. அது ஏம்பாடு, நான் பாத்துக்கிறேன்." அவள் குரல் உயரவில்லை. கண்ணும் அவனை விட்டு நகரவில்லை. "ரெண்டாவது வேணாம்னு சொன்னேன். கல்லலுக்கு ஆளனுப்புவோம்னு சொன்னேன். தண்ணி குடுங்கன்னு அந்தக் கதவை எத்தனை நேரம் தட்டுனேன்னு ஒங்களுக்குத் தெரியும். ஆமாண்ணே. ஒங்களாலதான்."